சின்ன ரூமுக்குப் பெரிய ரேடியேட்டர்

"ரேடியேட்டர் மாத்தணும்மா" என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது: "ஏம்பா, கார் சூடாவுதா?"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கும் இங்கிலாந்து வருகிற வரைக்கும் ரேடியேட்டர் என்றால் லாரி மூக்கில் இருப்பதுதான். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏதாவது ஒரு லாரி ஓரமாக நின்றுபோயிருக்கும், பானெட்டிலிருந்து ஆவி பறக்கும், கிளீனர் பையன் குடத்தோடு தண்ணீர் தேடி எங்கள் தெருவுக்குள் ஓடிவருவான். அதுதான் எனக்குத் தெரிந்த ரேடியேட்டர். அது சூட்டை வெளியே துரத்துகிற சாமான். அதையே வீட்டுக்குள் சுவரில் மாட்டி, பாய்லர் தண்ணீரை அதற்குள் சுற்றவிட்டு, ஆறு மாதக் குளிரை அதை நம்பித்தான் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் ஸ்விண்டன் வந்து கற்றுக்கொண்ட பாடம்.

(மர்பி டவுன் தெரியாதவர்களுக்கு: பெங்களூர் அல்சூர் ஏரியைத் தாண்டினால் வரும். பெயரைக் கேட்டால் அயர்லாந்து மாதிரி இருக்கும், உள்ளே போனால் தமிழ்தான். 1809-ல் வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்த தமிழர்களின் சந்ததிகள் நிறைந்த பகுதி. பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. பிற்பாடு கண்டோன்மென்ட் எஞ்சினியராக இருந்த மர்பி என்பவர் பெயரை வைத்தார்கள். எஞ்சினியர் பெயர் வைத்த ஊர்க்காரனுக்கு ஒரு ரேடியேட்டரை அளக்கத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கதை :-) )

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் கொடுக்கிற அறைதான் வீட்டிலேயே குளிர்ந்த அறை. இல்லை என்று சொல்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறையில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள். வீட்டில் ரேடியேட்டர் மாற்ற காசு ஒதுக்குகிறீர்கள் என்றால் முதலில் மாற்ற வேண்டியது அந்த அறையினுடையதை. ஹாலுக்கு டிசைனர் ரேடியேட்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் அது எந்த அறை? மாடியில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அந்த அறை. இங்கே அதை பாக்ஸ் ரூம் என்பார்கள். பெயருக்கேற்ற மாதிரி நாமும் அதில் பெட்டிகளைத்தான் வைத்திருப்போம். 23 கிலோ பெட்டி நாலு, அரிசி மூட்டை ஒன்று, பிள்ளைகளின் பழைய சைக்கிள். எல்லாம் ரேடியேட்டர் முன்னால். எங்கள் வீட்டில் அந்த அறைக்கு இரண்டு பக்கம் வெளிச்சுவர், வடக்குப் பார்த்த ஜன்னல், மேலே பரண். வெயில் என்பதே கிடையாது. அதில் இருந்த ரேடியேட்டர் இரண்டடிக்கு இரண்டடி ஒற்றைத் தகடு. வீட்டிலேயே அதுதான் சின்னது. "சின்ன அறைக்குச் சின்ன ரேடியேட்டர்" என்று யாரோ ஒருத்தர் அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். வீடு வாங்கி நாலு வருஷமாக நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா போன நவம்பரில் வந்தார். வழக்கமாக மே மாதம் வருவார். இந்தத் தடவை மகளுக்குத் தேர்வு, வீட்டம்மாவுக்கு ஷிப்ட் வேலை என்று நாங்கள்தான் குளிர்காலத்தில் இழுத்துவந்தோம். தினம் காலையில் கேட்பேன், "குளிருதாம்மா?" "இல்லப்பா, நல்லாருக்கு." தலையில் குரங்குக் குல்லா, மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. கேட்டால் நல்லாருக்கு!

கண்டுபிடித்தது என் மனைவிதான். "அத்தை விடியக்காலம் அஞ்சு மணிக்கே எழுந்து வந்து அடுப்பு பக்கத்துல நிக்கறாங்க, டீ போடறதுக்குன்னு நினைச்சீங்களா?" என்றாள். அன்றைக்கு ராத்திரி மகளின் சயின்ஸ் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் வைத்தேன். காலையில் 14 டிகிரி. மர்பி டவுனில் ஜனவரி ராத்திரி தெருவிலேயே பதினைந்தைச் சுற்றித்தான் இருக்கும். பெங்களூர் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த குளிர் 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். ஆக, எழுபத்தைந்து வயது அம்மாவை ஆறு வாரம் மர்பி டவுன் நடுத்தெருவில் மார்கழி ராத்திரியில் படுக்க வைத்திருக்கிறேன். அங்கேயாவது விடிந்தால் வெயில் வரும், வாசலில் நாற்காலி போட்டுக் காயலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வீடுகளுக்கான வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கலாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டும் உண்டு. மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிரப்பித்தருகிற எனக்கு அறையின் குளிர் கண்ணில் படவில்லை.

ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஓரத்தில் இருக்கிற திருகு வால்வு பூஜ்யத்தில்.

"நான்தான்பா மூடினேன். கேஸ் பில்லு ஜாஸ்தி வந்துச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களே. எனக்குத்தான் கம்பளி இருக்கே."

இதற்கு என்ன பதில் சொல்ல? நம் வீடுகளில் பில் பற்றிச் சத்தமாகப் பேசுகிறோம். அதைக் கேட்கிற காது யாருடையது என்று யோசிப்பதில்லை. பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரியவர்கள் கேட்டுக்கொண்டு போய் வால்வை மூடிவிடுவார்கள்.

வால்வைத் திறந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மேல் பாதி வெதுவெதுப்பு, கீழ்ப் பாதி அப்படியே ஜில். இந்த இடத்தில் கொஞ்சம் விஷயம். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, சாவி போட்டுக் காற்றை விட்டால் சரியாகிவிடும். கீழே, அதிலும் நடுவில் குளிர்ந்திருந்தால் உள்ளே கசடு. இரும்பும் தண்ணீரும் சேர்ந்த கறுப்புத் துரு, மாக்னடைட் என்பார்கள், காந்தம் வைத்தால் ஒட்டும். மூடிய குழாய்க்குள் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு மட்டுப்பட்டுவிடும். ஆனால் எங்கோ ஒழுகுகிறது என்று வாரா வாரம் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தால் துருவுக்கு நாமே தீனி போடுகிறோம் என்று அர்த்தம்.

எங்கள் அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். "மாத்தறதுக்கு முன்னாடி கழட்டிக் கழுவிப் பாரு" என்பது அவர் வேதம். வீட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது, நடுவில் குழாய், அதில் கரி போட்டால் சுற்றியிருக்கும் தண்ணீர் கொதிக்கும். தீபாவளிக்கு முன்னால் அதைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து உப்புப் பொரியை எடுப்பது எனக்கும் தம்பிக்கும் வேலை. அந்த வேதத்தில் எனக்கு இன்னமும் நம்பிக்கை உண்டு. கசடு மட்டும்தான் பிரச்சினை, தகடு நன்றாக இருக்கிறது, அறைக்குப் போதுமான அளவு என்றால் கழற்றித் தோட்டத்தில் வைத்து ஹோஸ் பைப் அடித்துக் கழுவி மாட்டிவிடலாம். ஆனால் எங்களுடையதில் அடித் தையலில் பெயிண்ட் கொப்பளம் கட்டியிருந்தது. உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வருகிற அடையாளம் அது.

முதலில் கூப்பிட்ட பிளம்பர் டேப்பை எடுத்து ரேடியேட்டரை அளந்தார். "இதே சைஸ் போட்டுவிடுகிறேன், ஒரு மணி நேர வேலை." சந்தோஷமாகச் சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்புறம் ஏதோ தோன்றி, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, எங்கள் ஊர் அண்ணைக்கு போன் அடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர், முப்பது வருஷமாக பாய்லர் வேலை.

"உமக்கென்ன விசரே? ஓட்டைக்குப் பாத்துப் போடாதையும், அறைக்குப் பாத்துப் போடும்" என்றார்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாயிரத்து இருபதுகளில் ஒரு ரேடியேட்டர் மாற்றுகிறவன் பழைய ரேடியேட்டரை அளக்கக்கூடாது. அறையை அளக்க வேண்டும். அண்ணை சனிக்கிழமை வந்து சுவர், ஜன்னல், மேல் தளம், காற்றுக் கசிவு எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தார். வெளியே மைனஸ் போகும் ராத்திரியில் அந்த அறையை 20-ல் வைக்க ஏறக்குறைய 700 வாட் வேண்டும். இருந்த ஒற்றைத் தகடு புதுசாக, கசடே இல்லாமல் இருந்தாலும் கடைக் கணக்குப்படி 350 வாட் தந்தால் அதிகம்!

அந்தக் கடைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம். ரேடியேட்டர் அட்டையில் எழுதியிருக்கும் வாட், உள்ளே ஓடும் தண்ணீர் சராசரி 70 டிகிரி, அறை 20 டிகிரி, வித்தியாசம் 50 என்று வைத்துச் சோதித்த எண். பாய்லரை 55-ல் வைத்தால் தண்ணீரின் சராசரி 50 ஆகிவிடும், வித்தியாசம் 30, ரேடியேட்டர் தருவது அட்டையில் போட்ட எண்ணில் பாதிதான். அப்படியானால் பாய்லரை 75-லேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் காசு போகிறது. இங்கிலாந்தில் 2005 முதல் வைக்கிற பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகை. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையோடு போகிற சூட்டையும் அது பிடித்துக்கொள்ளும். சின்ன ரேடியேட்டரை வைத்துக்கொண்டு அதிகச் சூடு ஓட்டினால் கண்டென்சிங் பாய்லருக்குக் கொடுத்த காசு புகையாகப் போகும். 2022 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் சூடேற்றும் அமைப்பு முழுவதையும் புதிதாகப் போட்டால் 55 டிகிரிக்கே கணக்குப் போடச் சொல்லி கட்டட விதியே வந்துவிட்டது. ஒரே ஒரு ரேடியேட்டர் மாற்றுகிறவனை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நாளைக்கு பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடுகிற நாள் வந்தால், இன்றைக்குப் போட்ட பெரிய ரேடியேட்டர் அப்படியே இருக்கும், சின்னதை மறுபடி கழற்ற வேண்டும்.

ஆகவே 600-க்கு 800 மில்லிமீட்டரில் இரட்டைத் தகடு, நடுவில் இரண்டு வரிசை மடிப்பு. கடையில் "டைப் 22" என்று கேட்க வேண்டும். அட்டையில் சுமார் 1,350 வாட், 55 டிகிரிக்குப் பாதி, நமக்கு வேண்டிய 700. விலை நூறு பவுண்டுக்குள்தான். சின்ன அறைக்கு இவ்வளவு பெரிசா என்று மனைவி கேட்டாள். அறை சின்னதுதான், குளிர் பெரிசு. (சுவரில் இடமே இல்லாதவர்கள் அதே அகலத்தில் ஒற்றையை எடுத்துவிட்டு இரட்டை போட்டாலே ஏறக்குறைய மூன்று மடங்கு கிடைக்கும்.)

மாற்றும் வேலையை நானே செய்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசை. அண்ணை செய்தார், நான் துண்டு பிடித்தேன். "பழைய துவாய் இருந்தா எல்லாத்தையும் கொண்டு வாரும்" என்றார். துவாய் என்றால் நம் டவல். சட்டப்படி பார்த்தால் ரேடியேட்டர் தண்ணீர்ப் பக்கத்து வேலை, வீட்டுக்காரரே செய்யலாம். பாய்லரைத் திறப்பது, கேஸ் குழாயைத் தொடுவது மட்டும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் வேலை, அதில் விளையாட்டு வேண்டாம்.

நான் பார்த்து வைத்துக்கொண்ட சூட்சுமங்கள் சில. அந்தப் பக்கத்து மூடி வால்வை அடைக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும், திறக்கும்போது அங்கிருந்துதான் ஆரம்பம். எண் போட்ட திருகு வால்வைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு ரேடியேட்டரைக் கழற்றி வைக்கக்கூடாது, அறை குளிர்ந்தால் உறையாமல் இருக்கத் தானே திறந்துகொள்ளும் வகையும் உண்டு. அதற்கென்று வருகிற மூடியைப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணீர் வடிந்துவிட்டது என்று நம்பித் தூக்கக் கூடாது. நான் நம்பினேன். மை மாதிரி ஒரு லிட்டர் கறுப்புத் தண்ணீர் மாடிப்படி கார்ப்பெட்டில் இறங்கியது. "நான் சொன்னனான்தானே, ரெண்டு வாயையும் அடைச்சுப்போட்டுத் தூக்கும் எண்டு" என்றார் அண்ணை, சிரிக்காமல். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பழையது அங்குல அளவு, புதியது மில்லிமீட்டர், போதாததற்கு அகலமும் கூட. எனவே தரைப்பலகையைத் தூக்கிக் குழாயை ஒரு பக்கம் நீட்ட வேண்டியிருந்தது. ஒரு மணி நேர வேலை அரை நாளானது. கடைசியில் தண்ணீர் ஏற்றி, காற்றை விட்டு, அழுத்தத்தை ஒன்றுக்கு மேல் கொண்டுவந்து, துருத் தடுப்பு மருந்து ஒரு பாட்டில் ஊற்றி, மற்ற ரேடியேட்டர்களின் வால்வுகளையும் கொஞ்சம் கொஞ்சம் திருகிச் சமன் செய்தார். அதைச் செய்யாவிட்டால் பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை சூட்டைத் தின்றுவிடும், கடைசி அறைக்கு மிச்சம்தான் போகும். நம் பந்தி மாதிரிதான்.

"இதெல்லாம் எதுக்கு, ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி வெச்சா போச்சு" என்று சொன்ன நண்பர்கள் மூன்று பேர். யோசித்துப் பாருங்கள், இங்கே மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப்போல் நாலு மடங்கு விலையை ஒட்டி இருக்கிறது. வால்வை மூடின அம்மா அந்த ஹீட்டர் பிளக்கை மட்டும் பிடுங்காமல் விடுவாரா?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் அது உங்கள் செலவு இல்லை. 1985-ம் வருடத்து வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டம், பிரிவு 11-ன்படி சூடேற்றும் அமைப்பைப் பழுதுபார்த்து வைப்பது உரிமையாளர் கடமை. தேதி போட்டு, காலையில் எடுத்த தெர்மாமீட்டர் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். "நீங்க ரொம்ப சமைக்கிறீங்க, அதான் சுவர் ஈரம்" என்று பதில் வரலாம். சமைக்கும்போது மூடி போடுவது, ஃபேன் போடுவது, ரேடியேட்டர் மேல் துணி காயப்போடாமல் இருப்பது எல்லாம் நாம் செய்ய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதையே காரணமாக்கித் தட்டிக்கழித்தால் விடக்கூடாது. 2020 டிசம்பரில் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சையால் இறந்தது. சூடானிலிருந்து வந்த பெற்றோர். பூஞ்சைக்கு அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை காரணம் என்று வீட்டு நிர்வாகம் அனுமானித்துக்கொண்டது 2022 விசாரணையில் வெளியே வந்தது. 2025 அக்டோபரிலிருந்து சமூக வாடகை வீடுகளில் இப்படிப்பட்ட புகாருக்குக் கெடு வைத்து வேலை செய்ய வேண்டும் என்று அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பூஞ்சை வருவது குளிர்ந்த சுவரில்தான். சரியான ரேடியேட்டர் இல்லாத அறையில் எவ்வளவு துடைத்தாலும் அது திரும்ப வரும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை அந்த அறை 19 டிகிரி. பாய்லரை 55-க்கு இறக்கியாயிற்று. அதற்குப் பிறகு மற்ற அறைகளும் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் சூடாகின்றன, முன்னைவிட முன்னாலேயே போட்டுவிட வேண்டியிருக்கிறது. கேஸ் பில் ஓஹோவென்று குறைந்தது என்று கதை விட மாட்டேன். ஒரு அறை கூடுதலாகச் சூடாகியும் ஏறவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் பில்லைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நம்பினார். குரங்குக் குல்லா மூன்றாம் நாள் கழன்றது. அடுப்பு பக்கம் வருவது எட்டு மணிக்கு மேல்தான்.

ஏப்ரலில் திரும்பிப் போய்விட்டார். போன வாரம் போனில் பேசும்போது, ஊரில் வெயில் கொளுத்துகிறது, மார்க்கெட்டில் தக்காளி விலை இவ்வளவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அந்த ரூம் ரேடியேட்டரை மூடிட்டியாப்பா? ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குச் சூடு" என்றார். பனிப்பூ அடையாளத்தில் வைத்திருக்கிறேன்மா என்றேன். பெட்டிகளைத்தான் இன்னும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மாடிப்படித் திருப்பத்தில் கிடக்கின்றன, கறை மறைகிற மாதிரி.